அத்தைக்கு ஆபரேஷனுக்கு முன்னால்

அன்புள்ள கவிதாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அத்தைக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்று மாப்பிள்ளை சொன்னதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. ஆபரேஷன் நாளையோ மறுநாளோ என்கிறாய். அதுவரை அவர் வயிற்றுக்கு என்ன போகிறது என்பதுதான் என் கவலை. போனில் சொன்னால் ஆஸ்பத்திரி அலைச்சலில் மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன்.

எலும்பு வார்டில் நர்ஸாக நான் பார்த்த வயசானவர்களில் பலர், விழுவதற்கு முன்பே அரைகுறையாகச் சாப்பிட்டு இளைத்துப் போயிருப்பார்கள். எலும்பு முறிந்ததும் உடம்பு தசையைக் கரைக்க ஆரம்பித்துவிடும். அதோடு பட்டினியும் சேர்ந்தால் படுக்கைப்புண், புண்ணில் சீழ், ராத்திரியில் ஆள் தெரியாமல் பிதற்றுவது, எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடும்.

"வெறும் வயிறு" என்று முந்தின ராத்திரியே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். காலையில் ஒரு அவசர கேஸ் வரும். மத்தியானம் ஆகும், சாயங்காலம் ஆகும், கடைசியில் நாளைக்கு என்பார்கள். காய்ந்த உதட்டை நக்கிக்கொண்டே தியேட்டர் பக்கம் பார்த்துப் படுத்திருப்பார்கள், பாவம். இவ்வளவு பட்டினி தேவையே இல்லை. பொதுவாக இட்லி, கஞ்சிக்கு 6 மணி நேர இடைவெளி போதும். எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் 8 மணி நேரம். தண்ணீர், பால் சேர்க்காத டீ என்றால் 2 மணி நேரம்தான். பாலைச் சாப்பாட்டுக் கணக்கில் வை. மயக்க டாக்டரிடம் கடைசிச் சாப்பாடு எத்தனை மணிக்கு, தண்ணீர் எத்தனை மணி வரை என்று நேரமாகவே கேட்டு வாங்கு. அத்தைக்குச் சர்க்கரை இருப்பதால் இரைப்பை மெதுவாகக் காலியாகலாம். ஊசி, மாத்திரையையும் சேர்த்துக் கேள், நீயாக முடிவு செய்யாதே. ஆபரேஷன் தள்ளிப்போனால் அந்த நிமிஷமே, "இப்போது சாப்பிடக் கொடுக்கலாமா?" என்று போய் நில்.

அத்தை தண்ணீர் வேண்டாம் என்றால் தாகமில்லை என்று நினைத்துவிடாதே. பெட்பேன் வைக்க இடுப்பைத் தூக்கும்போதெல்லாம் உயிர் போகும். அதற்கும் கூச்சத்துக்கும் பயந்தே பலர் குடிக்க மாட்டார்கள், வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். மாப்பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு நீ பக்கத்தில் உட்கார்ந்து கேள். வலி மருந்து வேலை செய்யும் நேரமாகப் பார்த்து பெட்பேன் வைக்கச் சொல், சாப்பாட்டையும் அப்போதே கொடு. நர்ஸிடம் கேட்டுக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திக்கொள். மல்லாந்து படுத்தபடி ஊட்டினால் புரையேறும். பல்செட் வீட்டிலேயே கிடந்தால் யாரையாவது எடுத்துவரச் சொல்.

ரசம் சாதம் மட்டும் போதாது. ஒரு நாளைக்கு, உடம்பு எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதமாவது வேண்டும். 50 கிலோ என்றால் 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கும். அதனால் குழைந்த பருப்பு, முட்டை, கெட்டித் தயிர் என்று கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடு. கிட்னி ரிப்போர்ட் எப்படி என்று மட்டும் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்.

மயக்க டாக்டர் சொல்லும் நேரத்தை எனக்கு மெசேஜ் போடு. நீயும் வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் வந்துவிடுவோம். ராத்திரி அத்தையோடு நான் இருந்துகொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா