இதயம் பொருந்த இரத்த வகை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இதயம், போக்குவரத்து நிறுத்தப்பட்ட சாலை வழியே சென்னையின் ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்ததை விவரிக்கும் செய்திகளில், பொருத்தத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 'இரத்த வகை ஒத்திருந்தது' என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகிறது. திசுப் பொருத்தம் பார்க்கும் ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அந்த வரியில் விடுபடுவதைப் பற்றி, குறிப்பாக இதயத்துக்காகக் காத்திருக்கும் பெண்களின் பொருட்டு, எழுத விரும்புகிறேன்.

சிறுநீரகத்துக்குப் பார்ப்பதுபோல இதயத்துக்கு எச்.எல்.ஏ. (தன்னுடையது எது, அந்நியமானது எது என்று உடல் பிரித்தறிய உதவும், செல்களின் மேற்பரப்பிலுள்ள புரதங்கள்) ஒற்றுமையைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை என்பது உண்மைதான். குளிர்ந்த கரைசலில் வைத்த சிறுநீரகம் ஏறத்தாழ ஒரு நாள் தாங்கும். இதயத்துக்குக் கிடைப்பதோ சுமார் 4 மணி நேரம். ஆகவே இரத்த வகை, உடல் அளவு, நோயாளியின் அவசர நிலை, தூரம் ஆகியவற்றை வைத்து மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் நல்ல பொருத்தத்தைத் தேடுவது வேறு. தெரிந்தே வரும் ஆபத்தை விலக்குவது வேறு. தானம் தருபவரின் எச்.எல்.ஏ. புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் பெறுபவரின் இரத்தத்தில் முன்பே போதிய அளவில் இருந்தால், புதிய இதயத்துக்குள் இரத்தம் பாயத் தொடங்கிய சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ அது செயலிழந்துபோகக்கூடும். 1969-இல் படேலும் டெராசாகியும் சிறுநீரக மாற்று நோயாளிகளிடம் இதைக் காட்டினார்கள்: கொடையாளரின் செல்களைப் பெறுபவரின் இரத்த நீரோடு சேர்த்து எதிர்ப்பு உள்ளதா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனை பாசிட்டிவாக இருந்த 30 பேரில் 24 பேருக்கு உறுப்பு உடனே செயலிழந்தது, நெகட்டிவாக இருந்த 195 பேரில் 8 பேருக்கே அப்படி ஆனது. சிறுநீரகம் கைவிட்டாலாவது டயாலிசிஸ் உண்டு. இதயத்துக்கு அத்தகைய எளிய மாற்று இல்லை.

இந்த ஆன்டிபாடிகள் கர்ப்ப காலத்தில், குழந்தை தந்தையிடமிருந்து பெற்ற எச்.எல்.ஏ. புரதங்களை எதிர்த்துத் தாயின் உடலில் உருவாகலாம். இரத்தம் ஏற்றியதாலும், முன்பு செய்த உறுப்பு மாற்றாலும், இதயத்துக்குத் துணையாகப் பொருத்தும் பம்பாலும் உருவாகலாம். பிரசவத்தை ஒட்டி இதயத் தசை பலவீனமாகி, இரத்தமும் ஏற்றப்பட்டு, இறுதியில் மாற்று இதயத்துக்குப் பதிவு செய்யும் இளம் தாயை எண்ணிப் பாருங்கள். இரண்டு காரணங்களும் அவரிடம் சேர்ந்தே இருக்கின்றன. எத்தனை விழுக்காடு கொடையாளர்களுக்கு எதிராக ஆன்டிபாடி உள்ளது என்று காட்டும் பி.ஆர்.ஏ. பரிசோதனையில் அவருக்கு 80 விழுக்காடு என்று வந்தால், நூறு கொடையாளர்களில் ஏறக்குறைய எண்பது பேரின் இதயம் அவருக்கு ஏற்றதாக இராது. தமக்குப் பின் பதிந்தவருக்கு முதலில் கிடைத்ததே என்று குடும்பத்தார் மனம் உடையும்போது, இந்தக் காரணத்தை அவர்களுக்குப் பொறுமையாக விளக்கும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

எந்தெந்தப் புரதங்களுக்கு எதிராக ஆன்டிபாடி உள்ளது என்பதை முன்கூட்டியே அறிந்து வைத்திருந்தால், கொடையாளரின் எச்.எல்.ஏ. வகை தெரிந்தவுடன் இரண்டையும் ஒப்பிட்டுச் சில நிமிடங்களில் சொல்லிவிடலாம். நோயாளியின் இரத்த மாதிரியை அனுப்பிவிட்டுக் காத்திருக்க நேரமில்லாத வெளியூர்க் கொடைகளில் இது பெரிய உதவி. ஆனால் ஆறு மாதத்துக்கு முந்தைய அறிக்கை இன்றைய நிலையைச் சொல்லாது. எனவே பதிவின்போதும், அதன்பின் குறித்த இடைவெளியிலும், ஒவ்வொரு முறை இரத்தம் ஏற்றிய சில வாரங்களிலும் இப்பரிசோதனை நடப்பதை, அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற வேறுபாடின்றி, தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டான் உறுதிசெய்ய வேண்டும். அதன் செலவு ஏழைக் குடும்பங்களின் தலையில் விழக் கூடாது. காத்திருப்போருக்கு இரத்தம் ஏற்றியே ஆக வேண்டுமெனில், வெள்ளணுக்களை வடிகட்டி நீக்கிய இரத்தத்தையே தர வேண்டும்.

தங்கள் நாளிதழ் அடுத்த முறை இதய மாற்றுச் செய்தியை வெளியிடும்போது இவற்றுக்கும் இரண்டு பத்தி ஒதுக்குமாறு வேண்டுகிறேன். பதிவு செய்யச் செல்லும் பெண்கள் தங்கள் பிரசவங்களையும், எப்போதோ ஏற்றிய இரத்தத்தையும், புகுந்த வீட்டார் முன் சொல்லத் தயங்கும் கருச்சிதைவுகளையும் மருத்துவரிடம் விடாமல் சொல்ல வேண்டும் என்பதையும், தேவையானால் தனியே பேச நேரம் கேட்கலாம் என்பதையும் அதில் சேர்த்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
அயனாவரம், சென்னை.