சைக்கிள் கேமராவில் பதிவான வீடியோவைப் புகாராக ஏற்றுக்கொள்ளுங்கள்

எங்கள் மாநகரப் போக்குவரத்துக் காவல் உயரதிகாரிகளுக்கு,

வணக்கம். மேம்பாலம் இறங்குகிற இடத்தில் தண்ணீர் லாரிகள் சைக்கிள்காரர்களை எப்படி நெருக்குகின்றன என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மனு மேல் மனு வந்திருக்கும். போன வாரம் அதே இடத்தில் ஒரு லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடி என் வலது முழங்கையில் அடித்துவிட்டுப் போனது. என் ஹேண்டில்பாரில் பொருத்தியிருந்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது: லாரியின் பின்பக்க நம்பர், கிளீனர் ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்துச் சிரித்தது வரை.

புகார் கொடுக்கப் போனேன். பணியில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "யூடியூப் சேனல் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கு சார் சைக்கிள்ல கேமரா?" என்றார். அதற்கான பதில் என் போனில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பார்க்கவில்லை. சிடியில் போட்டுக் கொண்டுவாருங்கள், கூடவே சர்டிபிகேட்டும் வேண்டும் என்று அனுப்பிவிட்டார்.

சிடிக்கு நான் எங்கே போவேன்? என் லேப்டாப்பில் சிடி டிரைவ் கிடையாது. ஜெராக்ஸ் கடையில் கேட்டால் சிரிக்கிறார்கள். கடைசியில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு ஸ்டூடியோவில் வேலை நடந்தது. ஒரு சிடியில் 700 எம்பிதான் கொள்ளும், என் வீடியோ அதைவிடப் பெரியது. ஸ்டூடியோக்காரர் அதைச் சுருக்கிப் போட்டுக் கொடுத்தார். சுருக்கியதில் நம்பர் பிளேட் மங்கிப் போனது.

சர்டிபிகேட் கதை இன்னும் அழகு. வீடியோ போன்ற மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் அது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவுப்படி அந்தப் படிவத்தில் இரண்டு பகுதிகள். முதல் பகுதியை நான் நிரப்பலாம், இரண்டாவதில் ஒரு நிபுணர் கையெழுத்துப் போட வேண்டும். ஃபைலின் ஹாஷ் மதிப்பையும், அதாவது ஃபைலுக்குக் கைரேகை மாதிரி கணக்கிட்டு எடுக்கும் குறியீட்டையும், எழுத வேண்டும். அசலில் ஒரு புள்ளி மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். ஆக, நீங்கள் கேட்டபடி சிடியில் அடக்கியதாலேயே அது அசல் இல்லாமல் ஆகிவிட்டது! லூப் ரெக்கார்டிங்கில் பழைய வீடியோ மேலேயே புதியது பதிவாகிவிடும் என்பதால் அசல் மெமரி கார்டைக் கழற்றி வைத்துவிட்டு வேறு கார்டு வாங்கினேன். சிடியோடு திரும்பிப் போனபோது வேறொருவர் இருந்தார். "அந்தப் பாலம் எங்க லிமிட் இல்ல சார்" என்றார்.

அந்தச் சான்றிதழ் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும்போது தேவைப்படுவது. புகாரை வாங்குவதற்கே அதைக் கேட்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? பதிவு செய்த கருவியின் உரிமையாளரே அசலோடு கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னால் சான்றிதழே வேண்டாம் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவைப் பற்றி 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவோ, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை வாங்கச் சொல்கிறது. மின்னணு வழியில் அனுப்பினாலும் சரி, 3 நாளுக்குள் கையெழுத்துப் போட்டால் போதும். இவை எனக்குத் தெரிந்திருக்கும்போது உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

நான் கேட்பது ஒன்றுதான். சைக்கிள் கேமராவில் பதிவான வீடியோவை இணையம் வழியாகவோ வாட்ஸ்அப் வழியாகவோ புகாராக வாங்கிக்கொண்டு, ஒரு ஒப்புகை எண் கொடுங்கள். பிரிட்டனில் 2016-இல் வடக்கு வேல்ஸ் காவல் துறை 'ஆபரேஷன் ஸ்னாப்' என்று இப்படி ஒன்றைத் தொடங்கியது. சைக்கிள்காரரும் கார்காரரும் தங்கள் வீடியோவை இணையத்திலேயே ஏற்றிவிட்டு வாக்குமூலம் எழுதிக்கொடுக்கிறார்கள்.

சைக்கிள் ஓட்டிக்கொண்டே போனைக் கையில் பிடித்து வீடியோ எடுப்பவர்களுக்காக நான் பேசவில்லை. அவர்களுக்குத் தாராளமாக அபராதம் போடுங்கள். ஒரு கை போனில் இருந்தால் ஒரு பிரேக்தான் மிச்சம். மணிக்கு 25 கிலோமீட்டரில் போகும் சைக்கிள் ஒரு நொடியில் 7 மீட்டர் ஓடிவிடும். ஜப்பானில் 2024 நவம்பர் முதல் இதற்குச் சிறைத்தண்டனைகூட உண்டு. என் கேமரா அப்படியல்ல. கிளம்பும்போது ஒரு பட்டனை அழுத்துவேன், வீடு திரும்பியதும் நிறுத்துவேன். நடுவில் அதைத் தொடுவதில்லை.

யாராவது பைக்கில் வீலிங் செய்து ரீல்ஸ் போட்டால், மறுநாளே ஆளைப் பிடித்து மன்னிப்பு வீடியோவும் எடுத்துப் போடுகிறீர்கள். நல்ல வேலை. அந்த ரீல்ஸை யார் சிடியில் கொண்டுவந்து கொடுத்தார்கள்? ஹெல்மெட் போடாதவரைக் காவலர் தன் சொந்தப் போனில் படம் எடுத்தால் மாலைக்குள் சலான் வருகிறது. அதற்கு எந்த நிபுணர் கையெழுத்துப் போடுகிறார்? ஒருவேளை நானும் லாரி மோதுகிற காட்சிக்குப் பின்னால் ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்து ரீல்ஸாகப் போட்டிருக்க வேண்டுமோ?

இன்னொன்றும் இருக்கிறது. அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கிறது. அந்தப் பிள்ளைகள் இதே பாலத்தில்தான் இறங்குகிறார்கள். மழைநீர் வடிகால் மூடியின் கம்பிகள் சாலை போகும் திசையிலேயே இருக்கின்றன, சக்கரம் நேராக உள்ளே இறங்கிவிடும். சைக்கிள் பாதை என்று கோடு போட்ட இடத்தில் கார்கள் நிற்கின்றன. வடிகால் உங்கள் துறை இல்லை, தெரியும். ஆனால் அந்தப் பிள்ளைகளிடமோ பால்காரரிடமோ நைட் டூட்டி முடிந்து வரும் செக்யூரிட்டியிடமோ கேமரா கிடையாது. அவர்களை லாரி உரசினால் வெறும் வாய்வார்த்தைதான். கேமராவோடு போன என் பேச்சே எடுபடவில்லை.

கோபத்தில் வார்த்தை கொஞ்சம் நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெயிலிலும் புகையிலும் நிற்கும் உங்கள் காவலர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும்: சைக்கிள் கேமரா வீடியோவைப் புகாராக வாங்குங்கள், ஒப்புகை எண் கொடுங்கள், எல்லை பார்க்காதீர்கள். அசல் மெமரி கார்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எங்கே, யாரிடம் கொடுக்க வேண்டும் என்று தெரிவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒருவன்