எந்த அறையில் உட்காருவது?

அன்புள்ள கயல்,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரத்துக்குப் போடச் சொல். கொஞ்சம் தெரிய ஆரம்பித்ததும் பாதியில் விட்டுவிடும் ஆள் அவர். இங்கே எல்லோரும் நலம். பெரியவன் புள்ளியியல் எடுத்துப் படிக்கப் போகிறானாம். வீட்டில் ஒருத்தி படும் பாட்டைக் கண்ணால் பார்த்த பிறகும் அப்படி ஓர் ஆசை!

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கள் அலுவலகம் தரவை அலச இதுவரை வைத்திருந்த சாஸ் மென்பொருளிலிருந்து, அதே வேலையைச் செய்யும் ஆர் மொழிக்கு மாறி முடிக்கப்போகிறது. இந்த நேரத்தில் சாஸ் பயனாளர்களின் வட்டார மாநாட்டுக்கு வந்து என்ன செய்யப் போகிறேன், நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது, ஒரே மணி நேரத்தில் இத்தனை அறைகளில் இத்தனை அமர்வு நடந்தால் எதில் உட்காருவது என்று எழுதியிருந்தாய். இந்த முறை ஒரு பிரிவுக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்று. இது கம்பெனி நடத்தும் விழா என்று நினைத்து நீ தயங்குவது போலத் தெரிகிறது. பயனாளர் கூட்டம் கம்பெனிக்கே மூத்தது. வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் விவசாய ஆராய்ச்சித் தரவை அலச எழுதத் தொடங்கிய மென்பொருள்தான் சாஸ். அதைப் பயன்படுத்தியவர்கள் 1976 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் கிஸ்ஸிமியில் முதல் தடவையாகக் கூடினார்கள். கம்பெனி பதிவானது அதே வருடம் ஜூலையில்! அந்தப் பெரிய கூட்டம் 2007-ல் 'சாஸ் குளோபல் ஃபோரம்' என்று பெயர் மாறியது. வட்டார மாநாடுகள் அதற்குத் தம்பி தங்கைகள். அமெரிக்காவில் மேற்கு மாநிலங்களுக்கு ஒன்று, தென்கிழக்குக்கு ஒன்று, மத்திய மேற்குக்கு ஒன்று என்று இருக்கின்றன. மருந்துத் துறைக்காரர்கள் வட்டாரம் பார்க்காமல் 'ஃபார்மாசக்' என்று தனியாகக் கூடுகிறார்கள். இவற்றை நடத்துவது என்னைப் போல ஆபீஸ் வேலை முடிந்த பிறகு மெயிலைத் திறந்து உட்காருகிற ஆட்கள். சம்பளம் கிடையாது, சாப்பாட்டுக் கூப்பன் உண்டு.

இனி அறைகள். 'அடிப்படை' என்று ஒரு பிரிவு, 'அடிப்படைக்கு அப்பால்' என்று ஒன்று, புள்ளியியல், ரிப்போர்ட்டும் கிராஃபும், மருந்து-சுகாதாரம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்து பார்க்கும் கைப்பயிற்சி, சுவரில் போஸ்டர், அப்புறம் வேலையில் முன்னேறுவது எப்படி என்று ஒன்று. எல்லா ஊரிலும் பெயர் கொஞ்சம் மாறும், சரக்கு இதுதான். இந்தப் பெயர்களை நம்பி அறையைத் தேர்ந்தெடுக்காதே. இவை எங்கள் வசதிக்கு வைத்தவை. வந்து குவியும் பேப்பர்களைப் பொறுப்பாளர்கள் பங்கு போட்டுக்கொள்ள ஒரு வழி வேண்டுமே. 'அடிப்படை' அறையில் போய்ப் பார், பாதிப் பேர் தலை நரைத்த ப்ரோகிராமர்கள். டேட்டா ஸ்டெப், அதாவது சாஸில் தரவைப் படித்து மாற்றி எழுதும் பகுதி, அதன் உள்ளே ஒவ்வொரு வரியும் எப்படிப் படிக்கப்படுகிறது என்று யாராவது பொறுமையாக விளக்கினால், தெரிந்தவர்களுக்குத்தான் அதில் ருசி அதிகம்.

என் பங்குக்கு வந்திருப்பது 'கோடர்ஸ் கார்னர்'. ஒருவருக்குப் பத்து நிமிடம். ஒரு சிக்கல், அதற்கு ஒரு கோட், அவ்வளவுதான். ஐம்பது நிமிடப் பேச்சுக்கு ஆள் பிடிப்பது சுலபம். பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிறவர்களைத் தேடுவதுதான் கஷ்டம். முதல் மூன்று நிமிடத்தைத் தன் கம்பெனி அறிமுகத்துக்கே கொடுத்துவிடுவார்கள். இன்னொரு வியாதி, உதாரணத்துக்கு எப்போதும் சாஸோடு கூடவே வரும் 'சாஷெல்ப் கிளாஸ்' என்ற மாதிரி டேட்டா செட்டையே எடுப்பது. அதே 19 பள்ளிப் பிள்ளைகள். அதில் முதல் பையன் ஆல்ஃப்ரெடுக்கு நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 14 வயதுதான். உங்கள் ஆர் பக்கமும் மாதிரித் தரவாக ஐரிஸ் பூக்களும் அந்த 32 பழைய கார்களும் இருக்கின்றன, அதனால் நீ ரொம்பச் சிரிக்காதே.

ஆனால் என்னைக் கேட்டால் மாநாட்டின் உயிர் எந்த அறையிலும் இல்லை, நடைபாதையில் இருக்கும் 'கோட் டாக்டர்' மேசையில் இருக்கிறது. அனுபவசாலிகள் இரண்டு மூன்று பேர் முறை போட்டு உட்காருவார்கள். யார் வேண்டுமானாலும் லேப்டாப்போடு வந்து சிக்கலைக் காட்டலாம். போன தடவை ஒரு பெண் வந்தாள், வேலைக்குப் புதுசு. நோயாளிகள் மருத்துவமனைக்கு வந்த பதிவு ஒரு டேட்டா செட்டில், சாப்பிட்ட மருந்து இன்னொன்றில். இரண்டையும் நோயாளி எண்ணை வைத்து மெர்ஜ் செய்து ஒன்றாகச் சேர்த்திருக்கிறாள். எண்ணிக்கை எங்கேயோ இடிக்கிறது, ஆனால் லாகில், அதாவது ஓட்டிய கோட் பற்றி சாஸ் எழுதித் தரும் குறிப்பில், பிழைக்கான சிவப்பும் இல்லை, எச்சரிக்கைக்கான பச்சையும் இல்லை என்றாள். டாக்டர் பக்கம் இருந்தவர் வாயே திறக்கவில்லை. லாகை மெதுவாக மேலே தள்ளிக்கொண்டே போய் நீல எழுத்தில் இருந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். இரண்டு டேட்டா செட்டிலும் ஒரே 'பை' மதிப்பு (சேர்க்கப் பயன்படுத்திய எண், இங்கே நோயாளி எண்) திரும்பத் திரும்ப வருகிறது என்று சொல்லும் நோட். ஒரு நோயாளிக்கு 3 வருகை, 2 மருந்து என்று வைத்துக்கொள். மெர்ஜ் 3 வரி தரும். முதல் வருகைக்கு முதல் மருந்து, இரண்டாவதற்கு இரண்டாவது, மூன்றாவது வருகையிலும் இரண்டாவது மருந்தே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதையே சாஸின் இன்னொரு வழியான ப்ராக் எஸ்க்யூஎல்-லில் சேர்த்தால் ஒவ்வொரு வருகையும் ஒவ்வொரு மருந்தோடும் ஜோடி சேர்ந்து 6 வரி. இவ்வளவு பெரிய விஷயத்தை சாஸ் எர்ரராகவோ வார்னிங்காகவோ சொல்வதில்லை, நீல எழுத்தில் முணுமுணுத்துவிட்டுப் போய்விடுகிறது. ஆரில் நீ பயன்படுத்தும் டிப்ளையர் தொகுப்பு 2023-ல் வந்த 1.1.0 பதிப்பிலிருந்து இதற்கு எச்சரிக்கையே கொடுக்கிறது, அந்த வகையில் உன் கட்சி ஜெயித்தது. அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு நேராகப் பக்கத்து அறைக்கு, எஸ்க்யூஎல் பற்றிய பேச்சுக்குப் போனாள். எந்த அறைக்குப் போகவேண்டும் என்று அவளுக்கு நிகழ்ச்சி நிரல் சொல்லவில்லை, அவள் லாக் சொன்னது.

இதனால்தான் உன்னை வரச் சொல்கிறேன், சும்மா கேட்டுவிட்டுப் போக அல்ல, பேச. போன கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தாயே, பழைய சாஸ் ரிப்போர்ட்டையும் புது ஆர் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்தபோது பொருந்தாதவற்றையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருப்பதாக. அந்த நோட்டு ஒரு பேப்பர், கயல். 2.5-ஐ முழு எண்ணாக்கினால் சாஸ் 3 என்கும், ஆர் 2 என்கும், 3.5 என்றால் இரண்டும் 4. ஆர் சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படைப் பக்கம் தள்ளுகிறது என்று தெரியாதவர்களுக்கு இது பேய்க்கதை மாதிரி இருக்கும். 1, 2, 3, 4 என்ற நாலே எண்ணுக்கு முதல் கால்மானம் (கீழ்க் கால் பங்கைப் பிரிக்கும் எண்) கேட்டால் சாஸ் வழக்கமாக 1.5 தரும், ஆர் 1.75 தரும். இரண்டும் தப்பில்லை, கணக்கிடும் முறை வேறு. ஆரில் கணக்கு முறையை 'டைப் 2' என்று மாற்றிப் போட்டால் சாஸின் விடை வந்துவிடும். இதைச் சொல்லவே ஒரு ஸ்லைடு போதும்.

எல்லாவற்றையும்விட விடுபட்ட மதிப்பு விவகாரத்தை விடாதே. வயது பதிவாகாத ஒருவர் இருக்கிறார். 18-க்குக் குறைந்தவர்களை எடு என்றால் சாஸ் அவரையும் சேர்த்துக்கொள்ளும், ஏனென்றால் அதற்கு விடுபட்டது எந்த எண்ணையும்விடச் சிறியது. ஸ்டேட்டா என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருளுக்கு அது எந்த எண்ணையும்விடப் பெரியது, ஆகவே 65-க்கு மேல் என்று கேட்டால் வந்து நிற்பார். ஆரில் ஒப்பிட்டாலே விடை என்ஏ, அதாவது 'தெரியாது', டிப்ளையரின் ஃபில்டர் அவரைச் சத்தமில்லாமல் கழித்துவிடும். ஒரே ஆள் சாஸில் குழந்தை, ஸ்டேட்டாவில் கிழவர், டிப்ளையரில் காணவே காணோம். இதைக் கேட்டு அறையில் ஒருவராவது வெளியே போய் ஆபீசுக்கு போன் போடாவிட்டால் என்னைக் கேள்.

ஆனால் இந்தப் பேப்பரை எந்தப் பிரிவில் போடுவது? புள்ளியியல்காரர்கள் இது ப்ரோகிராமிங் என்பார்கள். ஆர் போன்ற திறந்த மூல மொழிகளுக்கு இப்போது தனிப் பிரிவு வைக்கிறார்கள், அங்கே போட்டால் சாஸ் மட்டும் தெரிந்தவர்கள் எட்டிப்பார்க்க மாட்டார்கள். உண்மையில் இது வேண்டியதே அவர்களுக்குத்தான். மருந்துப் பிரிவும் யோசித்தேன். மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க எஃப்டிஏ குறிப்பிட்ட மென்பொருள்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை என்று 2015-லேயே தெளிவாக்கிவிட்டது, 2021-ல் ஆர் மொழியை ஆதரிக்கும் கூட்டமைப்பான ஆர் கன்சார்டியம் முழுக்க ஆரிலேயே செய்த முன்னோட்டச் சமர்ப்பிப்பு ஒன்றை அனுப்பியும் பார்த்தது. ஆகவே அங்கே ஆர்வம் உண்டு. இருந்தும் அந்த அறையில் பேச்சு எந்தப் பக்கம் போனாலும் எஃப்டிஏவுக்குத் தரவை அனுப்பும் எக்ஸ்பிடி கோப்பில் மாறியின் (தரவில் ஒரு பத்தியின்) பெயர் 8 எழுத்துக்குள் அடங்கவேண்டும், லேபிள் 40-க்குள் என்ற புலம்பலில்தான் வந்து நிற்கும். உன் விஷயம் அதில் அமுங்கிப்போகும். என் மூலைக்கே கொடு. எல்லைக்கோட்டில் நிற்கும் பேப்பர்கள்தான் ஒவ்வொரு வருடமும் நல்லவையாக இருக்கின்றன, அவற்றுக்குத்தான் இடம் கிடைப்பதும் இல்லை.

நேரத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பெரிய தலைவலி அதுதான். ஹாஷ் ஆப்ஜெக்ட், மேக்ரோ என்று சாஸின் இரண்டு உத்திகளைப் பற்றிய பேச்சுகளை ஒரே மணிக்குப் போட்டால், இரண்டுக்கும் வரக்கூடியவர்கள் ஒரே கும்பல் என்பதால், இரண்டு அறையிலும் பாதி நாற்காலி காலி. பிரிவு பிரிவாக அட்டவணை போட்டால் இது கண்ணில் படாது. இந்த முறை பேச்சுகளைத் தலைப்பு வாரியாகத் தாளில் வெட்டித் தரையில் பரப்பி, 'இதைக் கேட்பவர் அதையும் கேட்பாரா' என்று பார்த்து நகர்த்துகிறோம். உன் பேச்சுக்கு எதிரே கைப்பயிற்சி எதையும் வைக்கவிடமாட்டேன், அது ஆளை உறிஞ்சிவிடும்.

வேலையில் முன்னேறும் பிரிவுக்கு நீ போகவேண்டியதில்லை. ரெஸ்யூமே எப்படி எழுதுவது என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சுருக்கத்தை இந்த மாதக் கடைசிக்குள் எனக்கு அனுப்பு, ஒரு பத்தி போதும். தலைப்பில் 'ஓர் அறிமுகம்' என்று போடாதே, அப்படி ஏற்கெனவே ஒரு குவியல் இருக்கிறது. பேப்பரில் டேட்டாவையும் கோட் உள்ளேயே பத்து வரியில் எழுதிவிடு. உன் பேச்சுக்கு வராதவர்களும் பின்னால் எடுத்து ஓட்டிப்பார்க்கவேண்டும். தயவுசெய்து ஆல்ஃப்ரெட் வேண்டாம்.

அக்காவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சாந்தி