செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும் வண்டிக் கேமரா

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்துக்கு முன் நடத்தும் பிரேக், டயர் சோதனை முகாம் இந்த ஆண்டும் நடந்தது. காப்பீடு காலாவதியாகும் உறுப்பினர்களுக்கு நினைவூட்டும் வேலையை மகளிர் பிரிவினர் தாங்களாகவே எடுத்துச் செய்தார்கள். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை மாற்றச் சொல்லித் தெருத்தெருவாகப் போனோம், பலர் மாற்றினார்கள். வரவு செலவை எனக்குப் பிறகு பொருளாளர் வாசிப்பார்.

மீதி நேரத்தை ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். அது நம் இருசக்கர வண்டியில் பொருத்தும் கேமரா. நம் உறுப்பினர் ஒருவரைப் பள்ளிக்கரணை அருகே ஒரு வேன் இடித்துவிட்டு நிற்காமல் போனது. கால் முறிந்து மாதக்கணக்கில் படுத்திருந்தார். வேனின் எண்ணை யாரும் பார்க்கவில்லை. இடித்த வண்டி கடைசி வரை அடையாளம் தெரியாமலே போனால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 161வது பிரிவுப்படி படுகாயத்துக்குக் கிடைப்பது 50,000 ரூபாய்தான். உயிரே போனாலும் 2 லட்சம். 2022 ஏப்ரல் முதல் இதுதான் தொகை. எண் தெரிந்திருந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மருத்துவச் செலவு, சம்பள இழப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம். அந்த வீட்டின் நிலையைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் செயற்குழு கேமரா பற்றி விசாரிக்க ஒரு குழுவை அமைத்தது. சைதாப்பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணன், ரிச்சி தெருவில் கடை வைத்திருக்கும் தம்பி, வழக்கறிஞரான நம் சகோதரி ஆகியோர் தங்கள் வேலையை விட்டுவிட்டு இதற்காக அலைந்தார்கள். கீழே சொல்வது பெரும்பாலும் அவர்கள் சேகரித்துத் தந்தது.

கடைக்குப் போனால் முதலில் எத்தனை மெகாபிக்சல், 4கே உண்டா என்றுதான் பேச்சு தொடங்கும். நம் ஊரில் தினமும் வண்டி ஓட்டுகிறவர் கேட்க வேண்டியது வேறு. சாவியைத் திருப்பியதும் தானாக ஓடுமா? ஐப்பசி மழையிலும் கத்திரி வெயிலிலும் ஓடுமா? இந்த இரண்டுக்கும் நல்ல பதில் கிடைத்த பிறகு படத்தின் தரத்தைப் பேசலாம்.

ஆக்‌ஷன் கேமரா (பயணம், விளையாட்டைப் படம் பிடிக்கும் கோப்ரோ போன்ற சின்னக் கேமரா) வாங்கலாமா என்று பலர் கேட்டீர்கள். ஈசிஆரில் மாமல்லபுரம் வரை ஒரு பயணத்தைப் படம் பிடிக்க அது அருமையான கருவி. தினசரி ஓட்டத்துக்குச் சரிவராது என்பது குழுவின் கருத்து, என் கருத்தும் அதுவே. கோப்ரோ போன்றவை 10 மீட்டர் ஆழம் வரை தண்ணீரைத் தாங்கும். ஆனால் அது எல்லா மூடிகளும் அடைத்திருக்கும்போது மட்டும். பேட்டரி தீர்ந்து, மூடியைத் திறந்து சார்ஜர் வயரைச் செருகிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். கொட்டும் மழையில் சார்ஜா, பாதுகாப்பா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வரக்கூடாது. மேலும் இவை ஓடும் காற்றில்தான் சூடு தணிகின்றன. கத்திப்பாராவில் மே மாத மதியம் நெரிசலில் நிற்கும்போது சூடேறி அணைந்துவிடலாம். ஒவ்வொரு முறையும் பட்டனை அழுத்த வேண்டும் என்பதும் உண்டு, அவசரமாக அலுவலகம் கிளம்புகிறவர் அதை மறந்துவிடுவார்.

ஹேண்டில்பாரில் செல்போனை மாட்டி அதிலேயே பதிவு செய்யலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. வேண்டாம். பெரிய எஞ்சின் வண்டிகளின் அதிர்வு போன் கேமராவின் உள்ளிருக்கும் நுண்ணிய பாகங்களைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது.

எனவே குழு பரிந்துரைப்பது வண்டிக்கென்றே செய்யப்பட்ட டேஷ்கேம், அதாவது ஓடும்போது சாலையைத் தொடர்ந்து பதிவு செய்யும் கேமரா. முன்னால் ஒரு லென்ஸ், பின்னால் ஒரு லென்ஸ், பதிவு செய்யும் பெட்டி தனியாக சீட்டுக்கு அடியில். இன்னவ், வையோஃபோ போன்ற நிறுவனங்கள் இந்த அமைப்பில் செய்கின்றன. எந்த நிறுவனத்திடமும் சங்கம் கமிஷன் வாங்கவில்லை, வாங்கவும் போவதில்லை.

இப்போது தண்ணீர். அட்டைப்பெட்டியில் வாட்டர்ப்ரூஃப் என்று மட்டும் அச்சடித்திருந்தால் நம்பாதீர்கள், தூசியையும் தண்ணீரையும் எந்த அளவு தடுக்கும் என்று காட்டும் ஐபி எண்ணைக் கேளுங்கள். முதல் இலக்கம் தூசிக்கு. அது 6 என்றால் தூசி உள்ளே புகாது. அந்த இடத்தில் எக்ஸ் என்று இருந்தால் தூசிக்கான மதிப்பீடு தரப்படவில்லை என்று அர்த்தம். மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் ஓட்டுகிற நமக்கு அது முக்கியம். இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கு. 7 என்றால் 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும். 5, 6 என்பவை பீய்ச்சியடிக்கும் நீருக்கானவை. பலரும் கவனிக்காதது இங்கேதான் இருக்கிறது: 7 பெற்ற கருவி 6க்கான சோதனையிலும் தேறியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இரண்டும் தனித்தனிச் சோதனைகள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் அறையும் மழையும், வாட்டர் சர்வீஸ் கடையின் குழாயும் பீய்ச்சும் வகை. வேளச்சேரியில் வண்டி மூழ்குவது மூழ்கும் வகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதைக் கண்டோம். 2024 அக்டோபரில் மழை அறிவிப்பு வந்ததுமே மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள் என்றால் அந்தப் பயம் எவ்வளவு ஆழமானது! ஆகவே ஐபி66, ஐபி67 இரண்டும் குறிப்பிட்ட கருவியைத் தேடுங்கள். லென்ஸுக்கு மட்டும் அந்த எண் உண்டா, பதிவுப் பெட்டிக்கும் உண்டா என்றும் கேளுங்கள். பல மாடல்களில் பெட்டிக்கு அது குறைவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, இந்தச் சோதனைகள் புதுக் கருவியில் நல்ல தண்ணீரை வைத்துச் செய்யப்படுபவை. திருவான்மியூர், பெசன்ட் நகர் உப்புக் காற்று அந்தக் கணக்கில் வராது. ஒர்க்‌ஷாப் அண்ணனின் அனுபவத்தில் கேமரா கெடுவது பெரும்பாலும் வயர் இணையும் இடத்தில்தான். இணைப்புகளில் மின்சாதனங்களுக்கான சிலிக்கான் கிரீஸ் தடவச் சொல்கிறார். பெட்டிக்குள் நுழையும் முன் வயர் சற்றே கீழே தொங்கி மேலேறும்படி விட்டால், வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மெமரி கார்டு மூடியின் ரப்பரை மழைக்கு முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் விஷயத்தில் ஒரே கேள்வி போதும்: உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரியா, சூப்பர் கெப்பாசிட்டரா? சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. வெயிலில் நிறுத்திய வண்டி காற்றைவிட இன்னும் சூடாகும். அந்தச் சூட்டில் சின்ன லித்தியம் பேட்டரி உப்பிவிடக்கூடும், கெப்பாசிட்டர் அதைவிட நன்றாகத் தாங்கும். கெப்பாசிட்டர் தேக்குவது சில நொடிகளுக்கான மின்சாரம்தான். சாவியை அணைத்ததும் கடைசிக் காட்சியைச் சேமித்து மூட அது போதும்.

மின் இணைப்பைத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரிலிருந்து, தனி ஃபியூஸோடு எடுக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வயர்களில் கை வைக்கவே கூடாது. வண்டி நிற்கும்போதும் பதிவு செய்யும் வசதியை ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் தவிர்க்கலாம். கேமரா 5 வாட் எடுக்கிறது என்றால் 12 வோல்ட்டில் அது 0.4 ஆம்பியருக்கு மேல். 4 ஆம்பியர்-மணி பேட்டரி ஓர் இரவுக்குள் காலியாகி, காலையில் செல்ஃப் எடுக்காது. மின்சார ஸ்கூட்டர்காரர்கள் வாரண்டி என்ன சொல்கிறது என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மெமரி கார்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். திரும்பத் திரும்ப எழுதி அழிப்பதைத் தாங்கும் ஹை எண்டியூரன்ஸ் வகையே வேண்டும். ஒரு லென்ஸ் நொடிக்கு 20 மெகாபிட் எழுதினால் மணிக்கு 9 ஜிபி ஆகும். இரண்டு லென்ஸ் என்றால் 128 ஜிபி கார்டு 7 மணி நேரத்தில் நிறைந்து, பழையதை அழித்து எழுதத் தொடங்கும். விபத்துக்குப் பிறகு வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தால் சாட்சியும் அழிந்துபோகலாம். அதிர்வைக் கண்டு அந்தப் பகுதியைத் தானாகப் பூட்டும் வசதி இருந்தாலும் கார்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். படத்தில், 1080 தரத்தில் நொடிக்கு 60 பிரேம் கிடைத்தால் பகலில் வண்டி எண்ணை நிறுத்திப் படிக்கலாம். இரவில் எந்தக் கேமராவும் தடுமாறும். மைக் இருக்கும் மாடல் என்றால் பார்த்த எண்ணை உடனே உரக்கச் சொல்லுங்கள், அது குரலாகவாவது பதியும். ஜிபிஎஸ் இருந்தால் தேதியும் நேரமும் தானாகச் சரியாக இருக்கும்.

இந்தப் பதிவு வழக்கில் சாட்சியாக நிற்க என்ன வேண்டும் என்று வழக்கறிஞர் சகோதரி விளக்கினார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63வது பிரிவுப்படி, வீடியோவின் நகலைத் தாக்கல் செய்யும்போது சான்றிதழ் ஒன்றும் தர வேண்டும். ஒரு பகுதியைக் கருவியை வைத்திருப்பவரும், மறு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பும் அதில் இடம்பெறும். எனவே வெட்டாதீர்கள், இசை சேர்க்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், அந்த நகலை மட்டும் நம்பியிருக்காதீர்கள். மூல கார்டை ஒரு கவரில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

செயற்குழு எடுத்த ஒரு முடிவையும் பதிவு செய்கிறேன். உறுப்பினர்கள் எடுக்கும் காட்சிகள் காவல்துறைக்கும் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டுக்கும் மட்டுமே. சாலையில் தவறு செய்தவரின் முகத்தை ஊருக்குக் காட்டுவதைச் சங்கம் ஆதரிக்காது. சிலருக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு, இன்று பேசலாம். ஹெல்மெட்டின் மேல் கேமராவைத் திருகி மாட்டுவதையும் ஆதரிக்கவில்லை. விழும்போது வழுக்கிச் செல்ல வேண்டிய ஹெல்மெட்டின் வெளி ஓட்டில் துருத்திக்கொண்டு எதுவும் இருக்கக் கூடாது. பழைய ஹெல்மெட்டோடு ஓட்டுகிறவர் முதலில் அதை மாற்றட்டும், கேமரா அடுத்த மாதம் வாங்கலாம்.

கேமரா குழு அடுத்த ஆண்டும் தொடர பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். மழைக்கு முந்தைய முகாமில் வயர் இணைப்புகளைச் சரிபார்ப்பதையும் சேர்க்க ஒர்க்‌ஷாப் அண்ணன் சம்மதித்திருக்கிறார். கேமரா வாங்கியவர்கள் மாடல் பெயரையும் இந்த மழையில் அது எப்படி இருந்தது என்பதையும் அலுவலகத்தில் இருக்கும் நோட்டில் எழுதிவையுங்கள். சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்