வாசகர் வட்ட ஆண்டறிக்கை: எஸ்தோனிய ஆளுமைகள்

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டின் வாசிப்பை எஸ்தோனியாவுக்கு ஒதுக்கினோம். இலக்கியம், நாடகம், அரசியல் என்று மூன்றாகப் பிரித்துப் படிப்பதாகத்தான் செயற்குழு முதலில் தீர்மானித்தது. அந்தப் பிரிப்பு நிலைக்கவில்லை. ஏறத்தாழ 13 லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் கவிஞரே அமைச்சராகிறார். நாடக அரங்கிலேயே நாட்டின் அரசியல் நிர்ணய சபை கூடுகிறது. ஆகவே கால வரிசைக்கு மாறினோம்.

முதலில் லிதியா கொய்துலா (1843–1886). கவிஞராகவே பலரும் அறிந்தவர். 1870 ஜூன் 24 அன்று தார்த்து நகரின் வானெமுய்னெ சங்கத்தில் இவருடைய 'சாரெமா ஓனுபோய்க்' (சாரெமாத் தீவு உறவினன்) நாடகம் மேடையேறியது. எஸ்தோனிய நாடக மேடையின் பிறந்த நாளாக அதையே கொள்கிறார்கள். ஜெர்மானியர் தியடோர் கோர்னரின் நாடகத்தைத் தழுவி எழுதியது அது. தழுவல் என்பதால் மதிப்புக் குறைவு என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. விவசாயிகளின் மொழியில் ஒரு மாலை முழுதும் மேடை நிறையும் என்று காட்டியதே பெரிய காரியம். இவரது தந்தை யான்சென், 1869-இல் தார்த்துவில் நடந்த முதல் பாட்டு விழாவின் அமைப்பாளர்; இன்றைய தேசிய கீதத்தின் வரிகளும் அவருடையவை.

1906-இல் அதே வானெமுய்னெ தொழில்முறை அரங்கானபோது தலைமையேற்ற கார்ல் மென்னிங், பின்னாளில் நாட்டின் தூதராக பெர்லினில் பணியாற்றினார். 1918 பிப்ரவரி 23 அன்று விடுதலை அறிக்கை வாசிக்கப்பட்ட இடம், பார்னு நகரின் எந்த்லா நாடக அரங்கின் மேல்மாடம். 1919 ஏப்ரல் 23 அன்று அரசியல் நிர்ணய சபை கூடியது தலின் நகரின் எஸ்தோனியா அரங்கில். அரங்குக்கும் நாட்டுக்கும் ஒரே பெயர் என்பதால் குறிப்பெழுதுவோர் 'அரங்கு' என்ற சொல்லை விடாமல் சேர்க்க வேண்டும்.

பிற்காலத்தில், கவிஞர் பவுல்-ஏரிக் ரும்மோவின் 'சிண்டரெல்லா விளையாட்டு' நாடகம் 1969-இல் மேடையேறியது. தன் மனைவி உண்மையான சிண்டரெல்லாதானா என்று 9 ஆண்டு கழித்து இளவரசன் தேடி வருகிறான். சோவியத் ஆட்சியில் 'எது உண்மை' என்ற கேள்வியே அந்நாடகத்தின் உயிர். ரும்மோ 1992-இல் பண்பாட்டு அமைச்சரானார். அதே ஆண்டு குடியரசுத் தலைவரான லென்னார்த் மெரியும் எழுத்தாளர்தான். 1941-இல் குடும்பத்தோடு சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர்.

குறிப்பேடுகளில் திரும்பத் திரும்ப வந்த பிழைகள் மூன்று. ஒன்று, தேதி. கொய்துலாவின் பிறந்த நாள் டிசம்பர் 12 என்றும் 24 என்றும் இருக்கும். முன்னது அன்றைய ரஷ்யப் பேரரசில் வழங்கிய பழைய (ஜூலியன்) நாட்காட்டி. 19-ஆம் நூற்றாண்டுத் தேதிக்கு 12 நாள் கூட்டினால் இன்றைய கணக்கு வரும். இரண்டு, ஒலி. நாக்கை மடிக்காமல் சொல்வதால் 'டார்ட்டு' அல்ல, தார்த்து. அழுத்தம் பெரும்பாலும் முதல் அசையில் விழும். மேலே அலைக்குறி இட்ட ஓகாரத்தை (õ) உதடு குவியாமல் சொல்ல வேண்டும். நம் குற்றியலுகரத்தைச் சொல்லிப் பழகிய வாய்க்கு அது எளிது. மூன்று, எஸ்தோனிய மொழியின் 'தெமா' என்ற சொல் அவனையும் அவளையும் ஒருங்கே குறிக்கும். மொழிபெயர்ப்பில் எல்லா இடத்திலும் 'அவர்' போட்டால் வேலைக்காரச் சிறுவனுக்கும் மரியாதைப் பன்மை வந்து காட்சி கெடும். பெயரையே திரும்ப எழுதுவது மேல்.

வரும் ஆண்டுக்கு எஸ்தோனிய எழுத்தாளர் தம்சாரேயின் 'உண்மையும் நீதியும்' நாவல் (1926–1933), 5 பாகம், பாகத்துக்கு இரண்டு மாதம். ரஷ்யப் பேரரசை உலுக்கிய 1905 புரட்சி வருகிறது என்பதற்காக 3-ஆம் பாகத்திலிருந்து தொடங்கலாம் என்ற யோசனை வந்தது. செயற்குழு ஏற்கவில்லை. முதல் பாகத்தில் சிறுவன் இந்த்ரேக் தாய்மீது எறிந்த கல்லைப் படிக்காதவருக்கு, 3-ஆம் பாகத்தில் அந்தத் தாயின் மரணப் படுக்கையருகே அவன் படும் பாடு விளங்காது.

செயலாளர்