"ஒரு குறையும் இல்லண்ணே" என்ற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஸ்தோத்திரம். போன ஞாயிறு ராத்திரி நீ போனில் பேசியதில் ஒரு வரி மட்டும் இன்னும் காதிலேயே நிற்கிறது. கோபுர வேலை முடிந்தது, புது சவுண்ட் சிஸ்டம் வந்து இறங்கியது, அசன விருந்துக்கு இந்த வருஷம் கூட்டம் தாங்காது, சபையை நடத்தும் சேகரக் கமிட்டியில் உன்னையும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "நம்ம சபைக்கு இப்போ ஒரு குறையும் இல்லண்ணே" என்றாய். நானும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

படுத்த பிறகுதான் உறைத்தது. இந்த வார்த்தையை ஏற்கெனவே ஒரு சபை சொல்லியிருக்கிறது. பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம், மூன்றாம் அதிகாரம், 17ஆம் வசனம்: "எனக்கு ஒரு குறைவுமில்லை." சொன்னது லவோதிக்கேயா சபை. அதற்காக ஆண்டவர் அதைக் கண்டிக்கிற இடம் அது.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அதற்கான யோக்கியதை எனக்கில்லை, ஏன் என்று பின்னால் வரும். தனியாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் நம்மைப்போல் நாலு தலைமுறையாக ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்கள் நிறையவே இந்த வரியைச் சொல்லிக்கொண்டிருப்பதால் பொதுவில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

லவோதிக்கேயா இன்றைய துருக்கியில், தெனிஸ்லி நகரத்துக்குப் பக்கத்தில் இடிபாடாகக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் பணம் புழங்கிய ஊர். கறுப்பு ஆட்டு ரோமத்துக்குப் பேர்போனது. கி.பி. 60இல் பூகம்பம் வந்து ஊர் இடிந்தபோது, ரோமாபுரியிடம் கை நீட்டாமல் தங்கள் சொந்தக் காசிலேயே திரும்பக் கட்டிக்கொண்டார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். ஆக, ஒரு குறைவுமில்லை என்பது வெறும் வாய்ச்சவடாலாக இருந்திருக்காது. கணக்கு நோட்டைப் புரட்டினாலும் அது சரியாகத்தான் இருந்திருக்கும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதே சபைக்குச் சொன்ன "நீ குளிருமல்ல அனலுமல்ல" என்ற வசனத்தை வைத்துச் சின்ன வயதிலிருந்து எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்! அனல் என்றால் ஆவியில் எரிகிறவன், குளிர் என்றால் விசுவாசத்தை விட்டுப்போனவன் என்பார்கள். அப்படியானால் "குளிராயாவது அனலாயாவது இருந்தால் நலமாயிருக்கும்" என்று ஆண்டவர் ஏன் சொல்ல வேண்டும்? நாம் விட்டுப்போவது அவருக்கு நலமா? ஞாயிறு பள்ளியில் இதைக் கேட்டு வாத்தியாரிடம் முறைப்பு வாங்கியிருக்கிறேன்.

வரைபடத்தைப் பார்த்தால் கொஞ்சம் விளங்குகிறது. லவோதிக்கேயாவுக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டரில் எராப்போலி, இன்றைய பாமுக்கலே. அங்கே வெந்நீர் ஊற்றுகள். உடம்புக்கு முடியாதவர்கள் தேடிப்போய்க் குளித்தார்கள். இன்னொரு பக்கம் கொலோசெ, மலையடிவாரத்துக் குளிர்ந்த தண்ணீர். வெயிலில் வந்தவனுக்கு அதில் ஒரு செம்பு போதும். சூட்டுக்கும் ஒரு பயன் உண்டு, குளிர்ச்சிக்கும் ஒரு பயன் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் வலியும் போகாது, தாகமும் அடங்காது. அடுத்தவனுக்கு நாம் எந்த வகையில் உபயோகம் என்றுதான் அந்த வசனம் கேட்கிறதாக எனக்குப் படுகிறது. நம் உள்ளத்துக்குத் தெர்மாமீட்டர் வைக்கிற வசனமாகவே அதை வாசித்துப் பழகிவிட்டோம். மூன்று நாள் கன்வென்ஷனில் அனல் மூட்டி, திங்கட்கிழமை ஆறிப்போவதும் அதனால்தானோ என்னவோ.

லவோதிக்கேயாவுக்குத் தண்ணீர் தெற்கே இருந்த ஊற்றுகளிலிருந்து குழாயில் வந்தது. அகழ்ந்தெடுத்த குழாய்களின் படங்களைப் பார்த்தேன். உள்ளே சுண்ணாம்பு வளையம் வளையமாகப் படிந்து துவாரமே சுருங்கிப்போயிருக்கிறது. நம் வீட்டு போர் தண்ணீரில் அம்மா வெந்நீர் போடும் அலுமினியப் பானையின் அடியைப் பார்த்திருக்கிறாயே, அதே வெள்ளைக் காறை. அது எந்த நாளில் படிந்தது என்று அம்மாவைக் கேட்டால் சொல்ல முடியுமா? தினமும் கழுவிய பானைதான்.

இனி என் கதை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிழக்குத் தெரு பெரியம்மாவின் மகன் பைக்கில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தான் அல்லவா? பெரியம்மா எனக்கு வாட்ஸ்அப்பில் அழுதுகொண்டே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்கள். "கண்டிப்பா ஜெபிக்கிறேன் பெரியம்மா" என்று அடித்து, கூடவே மூன்று கும்பிடு கைகளையும் போட்டு அனுப்பினேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது, ஆராதனை முடிந்து ஆலய வாசலில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஒன் ஜெபந்தாம்யா எம்புள்ளைய எழுப்பிவிட்டுச்சு" என்றார்கள். "எல்லா மகிமையும் கர்த்தருக்கே பெரியம்மா" என்றேன். எவ்வளவு லட்சணமான பதில்!

நான் அவனுக்காக ஒரு நாள்கூட ஜெபிக்கவில்லை தம்பி. அது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை. கோயம்புத்தூர் பஸ்ஸில் கோவில்பட்டி தாண்டிய பிறகுதான் வந்தது. அத்தனைக்கும் அந்த வருஷம் முழுக்க ஞாயிறு பள்ளி எடுத்தேன், வீட்டு ஜெபக்கூட்டம் நடத்தினேன், உபவாச ஜெபத்தில் மைக் பிடித்தேன். பொய் சொல்லிவிட்டேன் என்பதைவிட, சொல்லும்போது கொஞ்சம்கூடக் கூசவில்லையே என்பதுதான் பஸ்ஸில் என்னைத் தூங்கவிடவில்லை.

பவுல் கொலோசெ சபைக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் எப்பாப்பிரா என்று ஒருவன் வருகிறான். ஜெபத்தில் எப்பொழுதும் போராடுகிறான் என்று பவுல் அவனுக்குச் சாட்சி கொடுக்கிறார். அவன் பாரப்பட்டது கொலோசெயருக்காக, லவோதிக்கேயருக்காக, எராப்போலியருக்காக. மூன்று ஊர்க்காரர்களும் ஒரே வசனத்தில்! ஒரு காலத்தில் ஒருவன் போராடி ஜெபித்த சபைதான், பிற்பாடு ஒரு குறைவுமில்லை என்று உட்கார்ந்துவிட்டது.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. வெள்ளாளன்விளை அசரியாவை நாம் எல்லா மேடையிலும் சொல்கிறோம். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர், நம்ம ஊர்க்காரர், சரி. ஆனால் 1902இல் அவர் யாழ்ப்பாணம் போனபோது நடந்ததை யாரும் அதிகம் பேசுவதில்லை. அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் கடல் தாண்டி நம் கரைக்கு ஊழியர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் சுவிசேஷம் கேட்ட திருநெல்வேலியோ அப்படித் தன் காசில் வெளியே ஆள் அனுப்ப முன்வரவில்லை. குருவானவர் வீட்டுப் பிள்ளையான அவருக்கு அது வெட்கமாகிப்போனது. அடுத்த வருஷமே, 1903இல், இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. பிறகு அவரே தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்குப் போனார். அவர் பெற்ற பதவியைப் பேசுகிற நாம், அவர் பட்ட வெட்கத்தையும் கொஞ்சம் பேசலாம்.

"வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்ற வசனத்தை காலண்டரில் அச்சடித்துப் புதுவீட்டுப் பிரதிஷ்டைக்குக் கொடுக்கிறோம். அதுவும் லவோதிக்கேயா சபைக்கு எழுதியதுதான். உள்ளே ஆராதனை நடக்கிறது, அவர் வெளியே நிற்கிறார். புது சவுண்ட் சிஸ்டத்தில் தட்டுகிற சத்தம் கேட்குமா என்று சும்மா ஒரு சந்தேகம்.

கமிட்டி வேண்டாம், கோபுரம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. யாராவது பந்தல்காரரிடம் ரேட் பேசத்தான் வேண்டும், நீ அதில் கெட்டி. நான் மாற்றிக்கொண்டது ஒரு சின்ன பழக்கம்தான். ஜெபிக்கச் சொல்லி யார் செய்தி அனுப்பினாலும், பதில் அடிப்பதற்கு முன்னால் நின்ற இடத்திலேயே ஜெபித்துவிடுகிறேன். ரேஷன் கடை வரிசையானாலும் சரி. "ஜெபிக்கிறேன்" என்று எழுதுவதை விட்டுவிட்டு "ஜெபித்தேன்" என்று எழுதுகிறேன். சில நாள் அதுவும் தவறுகிறது. தவறினால் இப்போது கொஞ்சம் கூசுகிறது, அந்தமட்டுக்கு சந்தோஷம்.

டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். அசனத்துக்கு இலை போடும்போது பேசுவோம். பெரியம்மாவை வழியில் பார்த்தால், நான் வருகிறேன் என்று மட்டும் சொல். மற்றதை நானே அவர்களிடம் சொல்ல வேண்டும். போன வருஷமும் அப்படி நினைத்துத்தான் வந்தேன். வாசலில் அவர்களைக் கண்டதும் மூங்கில் தட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

உன் அண்ணன்