இடக்கையால் புல் வெட்டியவருக்கும் மற்ற எல்லோருக்கும்

ஹப்புத்தளை, தங்கமலை, இதல்கஸின்ன சுற்றில் கடந்த போயா (பௌர்ணமி) தினத்தன்று எங்களுக்குக் கைகொடுத்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

நாங்கள் 1996இல் சாதாரண தரம் எழுதிய வகுப்புக்காரர்கள். கொழும்பு, கண்டி, ஹாலிஎல, துபாய் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்ட 27 பேர், ஒரு நாளைக்காவது ஒன்றுசேர்ந்து பழைய பள்ளிக்கூடப் பாதையில் நடப்போம் என்று முடிவெடுத்தோம். அந்தக் காலத்தில் எங்களில் பாதிப் பேருக்கு ஒரே கணக்குத்தான்: கோச்சி (ரயில்) வந்தால் கோச்சி, வராவிட்டால் காடு. காலையில் மேலே காட்டு வழி, பின்னேரம் கீழே கிராமத்து வழி. அதே வட்டத்தை இந்த முறை ஹப்புத்தளை டவுனில் தொடங்கி டவுனிலேயே முடித்தோம். தூரத்தை ஒருவரின் கைப்பேசி 17 கிலோமீற்றர் என்றது, இன்னொருவருடையது 19.4 என்றது. என் முழங்கால் சொன்னதை இங்கே எழுதவில்லை.

ஏற்பாட்டுக்காரன் நான். ஆகவே நன்றி சொல்ல வேண்டியவனும் நான், சில இடங்களில் மன்னிப்புக் கேட்க வேண்டியவனும் நான்.

முதலில் ஓட்டோ தம்பிமார் மூவர். பண்டாரவளையில் தங்கியிருந்தவர்களை ஏற்றி வருவதாக ஒப்புக்கொண்ட வேன்காரர் முதல் நாள் இரவு பத்து மணிக்குக் கையை விரித்துவிட்டார். அந்த நேரத்தில் யாரை எழுப்புவது? ஒரு தம்பியை எழுப்பினேன், அவர் மற்ற இருவரையும் எழுப்பினார். விடிய ஐந்தரைக்கு மூன்று ஓட்டோவும் வாசலில் நின்றன. "நாளைக்கு ஹயரும் இல்ல ஒன்னும் இல்ல, சும்மா படுத்துக் கிடக்கிறதுக்கு வந்துட்டுப் போறேன் அண்ணே" என்றவர் பெட்ரோல் காசுக்கு மேல் ஒரு சதம் வாங்கவில்லை.

அடுத்து, அடிஷாம் பங்களா வாசலில் நின்ற காவல்கார ஐயா. 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அந்தக் கருங்கல் பங்களாவில் இப்போது இருப்பவர்கள் பெனடிக்ட் சபைத் துறவிகள். சின்ன வயதில் எங்களுக்கு அது ஜேம் வாசம் வரும் கோட்டை, அவ்வளவுதான். பாதை தொடங்கும் இடம் மாறிப்போயிருந்தது. நாங்கள் பழைய ஞாபகத்தில் நேராக ஒரு பள்ளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். அவர் டோர்ச்சை அடித்து, "அந்தப் பக்கம் போனா நேரா மோட்சந்தான்" என்று சொல்லித் திருப்பிவிட்டார்.

தங்கமலைக் காட்டுக்குள் ஏறிய பிறகுதான் விஷயமே இருக்கிறது. இப்போது அந்த வழியில் ஆள் நடமாட்டம் குறைவு, மானாப்புல் ஆளுயரம் நிற்கும், கத்தி இல்லாமல் போகாதே என்று மூன்று பேர் என்னிடம் சொல்லியிருந்தார்கள். நான் இரண்டு கத்தி கொண்டுபோனேன். இரண்டும் சாக்கை விட்டு வெளியே வரவில்லை. புல் அடைத்து நிற்கும் இடங்களிலெல்லாம், ஒரு ஆள் தோள் உரசாமல் போகிற அகலத்துக்கு யாரோ வெட்டி வைத்திருந்தார். வெட்டிய புல் இன்னும் முழுதாக வாடவில்லை. வழுக்கும் இரண்டு இடங்களில் மண்ணைக் கொத்திப் படி எடுத்து, படி சரியாமல் இருக்க யூக்கலிப்டஸ் கம்பை முளையாக அறைந்திருந்தது. அந்தக் கம்பின் பட்டைகூட உரியவில்லை, கையை வைத்தால் தைலம் மணத்தது.

எங்களில் ஒருவன் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருக்கிறான். அவன் குந்தியிருந்து புல்லைப் பார்த்துவிட்டு, "இது இடக்கைக்காரன் வேலை" என்றான். வலக்கையால் கத்தி வீசினால் புல் இடப்பக்கம் சரியும், இங்கே எல்லாம் வலப்பக்கம் கிடக்கிறதே என்பது அவன் வாதம். "அவரு எதிர்ப்பக்கமிருந்து வெட்டிக்கிட்டு வந்திருந்தா?" என்று கேட்டாள் இப்போது கணிதம் படிப்பிக்கும் தோழி. அவன் பேசாமல் சேற்றைக் காட்டினான். றப்பர் பூட்ஸ் தடம் ஒன்று நாங்கள் போகும் திசையையே பார்த்துக் கிடந்தது. வழக்கு அத்தோடு தள்ளுபடி.

அதன் பிறகு வழியெல்லாம் கேட்டுப் பார்த்தோம். தோட்டத்தில் கேட்டோம், ஸ்டேஷனில் கேட்டோம், கடையில் கேட்டோம். "நாங்க இல்லைங்க" என்ற ஒரே பதில்தான். எங்களுக்கு முன்னால் வேறு யாரும் அந்தப் பக்கம் போனதாகவும் தெரியவில்லை.

அட்டைகளைப் பற்றி எழுதாவிட்டால் தோழர்கள் கோபிப்பார்கள். சித்தாலேப தைலம், சவர்க்காரம், உப்பு, தேசிக்காய் எல்லாம் பூசிக்கொண்டு போனோம். அட்டைகளுக்கு அது ஊறுகாய் மாதிரி இருந்திருக்கும். 2023இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டானதைக் குறித்த ‘மலையகம் 200’ நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணத்தில் கலந்துகொண்ட நண்பர் ஒருவர் எங்களோடு வந்தார். அந்த வெயிலையே மேல் என்று அவர் இங்கே சொன்னதை நான்கு பேர் சாட்சியாகக் கேட்டோம்.

காட்டு வழி தண்டவாளத்தோடு சேரும் இடத்தில் எங்களை நிறுத்தி வைத்து ஏசிய ரயில்வே ஊழியருக்கு என் தனிப்பட்ட நன்றி. சின்ன வயதில் சிலிப்பர் கட்டை எண்ணிக்கொண்டு நடந்தவர்கள்தானே என்ற துணிச்சலில் நான்தான் எல்லோரையும் தண்டவாளத்தில் இறக்கினேன். "பனி விழுந்தா டிரைவருக்கு ஒங்களத் தெரியாது, ஒங்களுக்கு வண்டியத் தெரியாது. படிச்சவங்கதானே?" என்று கேட்டார். பதில் இல்லை. 27 பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிக் கரையில் வரிசையாக நின்றோம். பத்து நிமிடத்தில் பதுளைப் பக்கம் போகும் வண்டி வளைவில் திடீரென்று முளைத்தது. சத்தம் கேட்டதும் அது வந்ததும் கிட்டத்தட்ட ஒரே நேரம். அதற்குப் பிறகு அவர் காட்டிய ஒற்றையடிப் பாதையில்தான் ஸ்டேஷன் வரை போனோம். 1893இல் ஹப்புத்தளைக்கு வந்து சேர்ந்த இந்தப் பாதை பதுளையைத் தொட 1924 ஆனது என்பதை எங்கள் வரலாற்று ஆசிரியர் பிரம்போடு சொல்லித்தந்தது நினைவிருக்கிறது. அதில் நடக்கக் கூடாது என்பது மட்டும் எப்படியோ மறந்துவிட்டது.

இதல்கஸின்ன ஸ்டேஷன் மலை முதுகில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் வெலிமடைப் பள்ளத்தாக்கு, மறுபக்கம் தெற்கே ஹல்துமுல்லைச் சரிவு. தெற்குப் பக்கம் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியாபெத்தையில் லயங்களை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை) மண் மூடியது அந்தத் திசையில்தான். அங்கே சொந்தம் உள்ளவர்கள் எங்களில் மூன்று பேர்.

இனி அந்த லயத்தின் தொங்கல் காம்பரா (கடைசி அறை) அக்காவுக்கு.

அக்கா, நடைப்பயணம் ஏற்பாடு செய்யும் ஆண்களுக்கு ஒரு விஷயம் ஒருபோதும் மண்டையில் ஏறாது. தண்ணீர், சாப்பாடு, மருந்து, விசில் வரைக்கும் பட்டியல் போட்ட நான், பதினொரு பெண்கள் காலை ஆறு மணியிலிருந்து எங்கே போவார்கள் என்று யோசிக்கவே இல்லை. லயத்து முன்னால் நாங்கள் தயங்கி நின்றதைப் பார்த்ததும் உங்களுக்கு விளங்கிவிட்டது. ஒரு வார்த்தை கேட்காமல் வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்து, சாவியை எடுத்துக்கொண்டு வந்தீர்கள். அந்த லயத்தில் தண்ணீர் குழாயில் எந்நேரமும் வருவதில்லை, கீழே பீலியிலிருந்து தூக்க வேண்டும் என்பதைப் பிறகுதான் தோழிகள் சொன்னார்கள். பதினொரு பேருக்கு எத்தனை வாளி? நாங்கள் போன பிறகு எத்தனை தடவை ஏறி இறங்கினீர்கள்? அதற்கு மேல் சாயத்தண்ணியும் தந்தீர்கள், ஆளுக்கு ஒரு துண்டு பனங்கட்டியோடு. லயத்தில் இருந்த கோப்பை எல்லாம் சேர்த்தும் பதினாலுதான். முதல் பதினாலு பேர் குடித்துக் கழுவி அடுத்தவர்களுக்குக் கொடுத்தோம். நாங்கள் நீட்டிய காசை நீங்கள் தொடவில்லை. "நீங்களும் இந்த மலை புள்ளைங்கதானே" என்றீர்கள். துபாய்க்காரர் அந்தப் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். குளிர் என்று சொன்னார்.

அங்கிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கினோம். தேயிலை முடிந்து, மரங்கள் அடர்ந்த ஓடைக் கரை வழியாகப் போனால் கிராமத்து மரக்கறித் தோட்டங்கள் வரும். உருளைக்கிழங்கு, போஞ்சி, லீக்ஸ். அதே துபாய்க்காரரின் சப்பாத்துகள் இரண்டும் அங்கேதான் வாயைப் பிளந்தன. பன்னிரண்டு வருடத்துக்கு முன் விலை கொடுத்து வாங்கி, பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்த சப்பாத்து. அதில்தான் பிழை. அடிப்பாகத்துப் பொலியூரேத்தேன், போட்டாலும் போடாவிட்டாலும், ஈரக்காற்றில் வருடக்கணக்கில் கிடந்தால் உள்ளே உதிர்ந்துபோகும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது புதிதாகத்தான் தெரியும். மலையில் இறங்கும்போதுதான் குணம் தெரியும். வலது அடி முழுதாகக் கழன்று கையில் வந்தது, இடது அடி நாக்கு மாதிரித் தொங்கியது.

பன்சலையிலிருந்து (பௌத்த விகாரையிலிருந்து) வெள்ளை உடுப்போடு வந்துகொண்டிருந்த ஒரு சிங்கள ஐயா அதைப் பார்த்தார். (அவர்கள் பாஷையில் ஐயா என்றால் அண்ணன். எங்கள் பாஷையிலும் அவருக்கு அந்த மரியாதை பொருந்தும்.) "பொட்டக் இன்ன" (கொஞ்சம் இருங்க) என்றுவிட்டு வரம்பு வழியாக ஓடினார். தண்ணீர்க் குழாயின் இணைப்புகளைக் கட்ட வைத்திருந்த பழைய சைக்கிள் டியூப்பைக் கொண்டுவந்தார். கத்தியால் ஒரு விரல் அகலத்துக்கு நீள நீளமாகக் கீறினார். பிறகு அந்த வெள்ளைச் சாரத்தோடு சேற்றில் முழங்கால் ஊன்றி, சப்பாத்தைத் தன் தொடையில் தூக்கி வைத்துக்கொண்டு கட்டினார். முன்பக்கம் மூன்று சுற்று, வளைவில் ஒரு குறுக்குக் கட்டு, குதிக்குப் பின்னால் ஏற்றி கணுக்காலில் ஒரு முடிச்சு. ஒவ்வொரு சுற்றுக்கும் றப்பரைப் பல்லால் கடித்து இழுத்துப் பிடித்தார். நண்பர் வெட்கப்பட்டுக் காலை இழுக்கப் பார்த்தபோது, கன்றுக்குட்டியைத் தட்டுவதுபோல் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தக் கட்டோடு டவுன் வரைக்கும் நடந்தாயிற்று. இப்போதும் அவிழ்க்கவில்லை, அப்படியே துபாய் போயிருக்கிறது.

ஐயா, உங்கள் சாரத்தில் சேறு பட்டதற்கு மன்னிக்கவும். உங்கள் வீட்டம்மா என்ன சொன்னார்களோ.

சாப்பாட்டுக் கடை அக்காவிடம் நான் சொன்னது: 20 பேர், பகல் ஒன்றரை மணி. போய்ச் சேர்ந்தது: 27 பேர், நாலேகால் மணி. கடைசியாகச் சேர்ந்த ஏழு பேரை அறிவிக்க மறந்ததும் நான், நேரத்தைக் கணக்கிட்டதும் நான். அக்கா அடுப்பை அணைக்காமல் வைத்திருந்தார். ஏழு பேருக்குக் குறைந்த சோற்றைத் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் சுட்டு இடித்துச் சரிக்கட்டினார். உள்ளபடி சொன்னால், ரொட்டி கிடைத்தவர்களைப் பார்த்துச் சோறு கிடைத்தவர்கள்தான் பொறாமைப்பட்டார்கள். "அடுத்த தடவ வாட்ச் கட்டிக்கிட்டு வாங்க தம்பி" என்று என்னைப் பார்த்துச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. கட்டியிருந்தேன் அக்கா. அதுதான் கேவலம்.

கடையை விட்டுக் கிளம்பும்போது பனி இறங்கி, கூடவே மழையும் பிடித்தது. நான் கடைசி ஆளாக வந்துகொண்டிருந்தேன். தோட்டத்துப் பாதை பெரிய ரோட்டில் ஏறும் இடத்தில், உரச்சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் நின்றார். அறுபத்தைந்து வயதுக்குக் கீழே இருக்காது. என் தலை நனைவதைப் பார்த்துவிட்டு, கக்கத்தில் வைத்திருந்த குடையை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். "எனக்குச் சாக்கு இருக்கு, புடிங்க" என்றார். வாங்கிக்கொண்டேன். "இடக்கையால குடுக்கிறேன், தப்பா நெனைக்காதீங்க ஐயா, பழக்கமாப் போச்சு" என்றார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, டவுனில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நடந்துவிட்டேன்.

ஹாலிஎலையில் வீட்டுக்கு வந்து, குடையை வாசலில் விரித்துக் காய வைக்கும்போதுதான் சுரீரென்றது. அவர் காலில் என்ன போட்டிருந்தார் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

பெரியவரே, கறுப்புக் குடை, வளைந்த மரப்பிடி, ஒரு கம்பி முறிந்து சிவப்பு நூலால் கட்டியிருக்கிறது. பிடி இடப்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. அடுத்த போயாவுக்கு அதே முடக்கில் காலை எட்டு மணியிலிருந்து நிற்பேன். இந்த முறை வாட்ச் சரியாக ஓடும்.

இப்படிக்கு,
1996 வகுப்பின் சார்பில்,
குடையை வைத்திருப்பவன்